தோற்றால் ஏரிச்சாலை வழி

பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு–பூஜ்யம். ஏரிச்சாலை.

இந்த நோட்டு இன்றுதான் கைக்கு வந்தது. செருப்பைக் கழற்றும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன். "இன்னிக்கு நம்ம பசங்க எதிராளி கோலுக்குப் பக்கத்துல போனாங்க பாரு, சுத்திப் பாக்க வந்த விருந்தாளி மாதிரி..." இவள், என் வீட்டுக்காரி, அலமாரியைத் திறந்து, பஸ் கம்பெனி புது வருஷத்துக்குக் கொடுத்த நோட்டை எடுத்து என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "தோத்த அன்னிக்குப் பேச்சு வந்துச்சுன்னா இதுல பேசுங்க. எங்கிட்ட வேண்டாம்."

ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதியது எல்லாம் என் கையெழுத்து மட்டும்தான். பரவாயில்லை. வாயை மூடு என்றால் முடியாது, கைக்கு வேலை கொடு என்றால் முடியும்.

வாரநாளில் தொழிற்சாலை ஷிப்ட் பஸ் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெளியூர் ஆட்டம் என்றால் எங்கள் கால்பந்து அணியின் பஸ். கோல்கீப்பர் என் மச்சினன், இவளுடைய ஒரே தம்பி. ஜெயித்தால் பைபாஸ், ஒன்றரை மணி நேரத்தில் ஊர். தோற்றால் ஏரிச்சாலை, நாற்பது நிமிடம் கூடுதல். யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. அந்த முகங்களோடு யாரும் உடனே வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தோற்ற பஸ்ஸில் ரேடியோ கிடையாது. பிஸ்கட் பாக்கெட்டைக் கூட யாரும் பிரிக்க மாட்டார்கள், சத்தம் வரும். கேப்டன் காலில் சுற்றிய டேப்பை உரித்து உருண்டை பிடிப்பார். கோச் பேப்பரைத் தலைகீழாகப் படிப்பார். மச்சினன் கடைசி சீட்டில் நீட்டிப் படுத்து முகத்தோடு துண்டைப் போர்த்திக்கொள்வான். பாதி வழியில் ஏரிக்கரை பெட்ரோல் பங்க் வரும். அங்கே யாராவது ஒருத்தர் மெதுவாக, "அண்ணே, ஒன்னுக்குப் போகணும்" என்பார். அந்த நிமிடம் தோல்வி முடியும். அதுவரை என் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன். இந்த சீசனில் நாக்கு தேய்ந்தே போய்விட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

இவள் இன்னும் பேசவில்லை. பாத்திரம் தேய்க்கிறாள். தோற்ற வாரம் எங்கள் வீட்டில் பாத்திரம் பளபளக்கும். இன்று காலை குக்கர் மூடியைப் பார்த்துத்தான் தலை சீவினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒன்று–ஒன்று. சமன்! இப்போது எந்த சாலை? திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு கோச்சைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் வானத்தைப் பார்த்தார். பைபாஸிலேயே போய், இரண்டு தடவை டீக்கு நிறுத்தினேன். நானாகக் கண்டுபிடித்த நடு வழி.

சாப்பிட மச்சினன் வந்தான். ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு எப்போதும் எங்கள் வீட்டில்தான். இன்று அவன் விட்ட கோல் இருக்கிறதே, அதைப் பந்து என்று சொல்லக் கூடாது, அவ்வளவு மெதுவாக உருண்டு வந்தது. வழியில் யாரிடமோ முகவரி கேட்டுக்கொண்டு வந்த மாதிரி. இவள் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் வேலையில் இருக்கிறாள். நான் சொன்னேன்: "உன் தம்பிக்கு உங்க ஆஸ்பத்திரியில ஒரு டோக்கன் போட்டுக் குடு. சட்டையிலயே நம்பர் ஒன்னுன்னு எழுதியிருக்கு, முதல் ஆளா உள்ள விட்டுருவாங்க."

அவன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. இவளும் சிரித்தாள். எனக்கு ஒரே பெருமை. வாரம் முழுக்க ஷிப்ட் பஸ்ஸில் இதையே சொல்லிக் காட்டலாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாலு–ஒன்று.

சொந்த மைதானம், அதனால் பஸ் இல்லை. நானும் இவளோடு கேலரியில். மூன்றாவது கோல் அவன் இரண்டு காலுக்கும் நடுவே போயிற்று. மைதானம் அப்படியே அமைதி. யாரோ இருமியது கூடக் கேட்டது. அப்போது இவள் எழுந்தாள்.

தினமும் முந்நூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் அது. மைக் வேண்டாம்.

"டோக்கன் நம்பர் ஒன்னு! உள்ள வாங்க! கண்ணு செக் பண்ணணும்!"

பிறகு கேலரி முழுக்கச் சிரிப்பு. எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் எப்போதும் பல் டாக்டர் உட்காருவார். க்ளினிக்கில் குழந்தைகளிடம் "வாயைத் திறம்மா செல்லம்" என்பவர், மைதானத்தில் வாயைத் திறந்தால் குழந்தைகளின் காதைப் பொத்த வேண்டும். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "டோக்கன்! டோக்கன்!" கை தட்டி, கால் தட்டி, ஆயிரம் பேர்.

மச்சினன் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தை இல்லை. நேராக இவளை. எத்தனை பேர் நடுவில் இருந்தாலும் அக்கா எங்கே உட்காருவாள் என்று அவனுக்குத் தெரியும்.

சாப்பிட வரவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

குக்கர், வாணலி, தண்ணீர்க் குடம், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய தட்டு. எல்லாம் பளபளா.

சரக்கு என்னுடையது. கத்தியது மட்டும்தான் அவள். இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஒன்று–பூஜ்யம். ஏரிச்சாலை.

வெளியூர் மைதானம், ஆனால் நம்ம ரசிகர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முதல் பந்து அவன் பக்கம் உருளும்போதே "டோக்கன்!" என்று பல் டாக்டர் தொடங்கினார். நம்ம ஆட்களே! எதிராளி ரசிகர்கள் அர்த்தம் தெரியாமலே கூடச் சேர்ந்து கத்தினார்கள். இவள் வேனில் வந்திருந்தாள், ஒரு வார்த்தை கத்தவில்லை. கடைசி வரை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போல் பஸ் கிளம்பும் முன் தலை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக. கேப்டன் எரிச்சலோடு சொன்னார்: "அண்ணே, எண்ணாதீங்க. ஸ்கோர் போர்டு ஏற்கெனவே எண்ணிருச்சு." நியாயம்தான். இனிமேல் தோற்ற நாளில் எண்ண மாட்டேன்.

இன்றும் சாப்பிட வரவில்லை. இவள் மூன்று தட்டு வைத்து, ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள்.

மார்ச் 5, புதன்

மச்சினனுக்கு லிப்ட் ரிப்பேர் வேலை. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டு, ஷிப்ட் இடைவெளியில் போனேன். சோதனை ஓட்டம் நடக்கிறது. சட்டென்று உள்ளே ஏறிக்கொண்டேன். இனி எங்கே ஓடுவான்?

"ஞாயித்துக்கெழமை ஏன்டா வரல?"

"வேலை மாமா."

மூன்றாவது மாடி. கதவு திறந்தது. கையில் பூத்தொட்டியோடு ஓர் அம்மா. "கீழ போகுமா?" "டெஸ்டிங்மா." மூடியது.

"அக்கா ஏதோ வாய்தவறி..."

"வாய்தவறி இல்ல மாமா. நல்லாத் தெளிவாத்தான் சொன்னா. மூணு தெருவுக்குக் கேட்டிருக்கும்."

ஆறாவது மாடி. அதே பூத்தொட்டி அம்மா! படியேறி வந்துவிட்டாள். "இப்ப கீழ போகுமா?" "இன்னும் டெஸ்டிங்மா."

"அந்த டோக்கன் ஜோக்..." என்று நான் இழுத்தேன். இப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் இருக்கிறதே! அது உடனே, "சரி, இந்த லிப்டாவது மேல போகுதே, நம்ம டீம் கீழயேல்ல போகுது" என்றது. அவன் சிரிக்கவில்லை. நான் கேலி பண்ணி, அதற்கு அவன் சிரிக்காமல் இருந்தது இந்த இருபது வருஷத்தில் முதல் தடவை.

ஒன்பதாவது மாடியில் சொன்னான். வேற ஊரில் ஒரு லிப்ட் கம்பெனி கூப்பிடுகிறதாம். சீசன் முடிந்ததும் போய்விடுவானாம். கையுறையை ஆணியில் மாட்டிவிடுவானாம், இனி ஆட்டமே இல்லையாம். "முப்பத்தி நாலு ஆச்சு மாமா. தோக்கறது பழகிருச்சு. சிரிக்கறாங்கல்ல, அதுதான் பழகல."

"அக்காட்ட சொன்னியா?"

"நீங்க சொல்லிருங்க."

நல்ல வேலை கொடுத்தான்.

மார்ச் 6, வியாழன்

சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். தேய்க்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

"நீதான் கத்துன, ஆனா ஜோக் என்னுதுதானே, நானே போயி அவன் கால்ல..." என்று தொடங்கினேன்.

"ஜோக் உங்களுது. வாய் என்னுது." அவ்வளவுதான். பிறகு, அரை மணி நேரம் கழித்து, சுவரைப் பார்த்து: "அவன் என்னைப் பாத்தான்ல. அதை எப்படிங்க மறக்கறது?"

மன்னிப்புக் கேட்க மாட்டாளா? மாட்டாள். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம்.

மார்ச் 9, ஞாயிறு

ஆட்டம் இல்லை. தட்டு இரண்டு.

மார்ச் 16, ஞாயிறு

ஐயோ! எங்கே தொடங்குவது? சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று–பூஜ்யம். கடைசி நிமிடத்து பெனால்டி. மச்சினன் இடது பக்கம் பாய்ந்தான், பந்து வலது பக்கம் போயிற்று. "டோக்கன்!" மைதானத்தை விட்டு ஒருத்தரும் தலை நிமிர்ந்து வரவில்லை. ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறினார்கள். நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாதே! கண்ணாடியில் பார்த்தேன், கடைசி சீட்டில் துண்டு போர்த்தி நீளமாக. சரி, அவன்தான். கிளம்பினேன். ஏரிச்சாலை.

ஒரு மணி நேரம். கேப்டன் டேப் உருட்டினார். கோச் பேப்பர் தலைகீழ். ஏரிக்கரை பங்க் வந்தது. "அண்ணே, ஒன்னுக்கு." எல்லாரும் இறங்கினார்கள். டீ வாங்கினேன். கடைசி சீட்டுக்கு ஒரு டீயோடு போய், "மச்சான், எழுந்திரு" என்று துண்டை இழுத்தேன்.

பந்துப் பை.

ஆறு பந்து, ஒரு காற்றடிக்கிற பம்ப், நீளமாக, ஒய்யாரமாகப் படுத்திருக்கிறது. பக்கத்தில் மச்சினனின் செல்போன்; சாமான் ஏற்றிய யாரோ அவன் துண்டைப் பை மேல் போட்டிருக்கிறார்கள். மச்சினன் இல்லை.

ஒருத்தன் குறைகிறான் என்று இத்தனை பேரில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை! எப்படித் தெரியும்? தோற்ற நாளில் யாரும் பேச மாட்டோம். பேசாத கூட்டத்தில் இருக்கிறவனும் இல்லாதவனும் ஒன்றுதான்.

"கோல்கீப்பரைக் காணோம்!" என்று நான் கத்தியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கேப்டன் என்னைப் பார்த்து, "ஏண்ணே, எண்ணலையா?" என்றார். பாருங்கள் அநியாயத்தை! நான் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. இவள்.

"உங்க சாமான் ஒன்னு எங்க வேன்ல இருக்கு. பங்க்ல நில்லுங்க, வரோம்." வைத்துவிட்டாள்.

வேனில் நடந்ததை இப்போதுதான் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒருத்தர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார்கள், நான் நடுவில் எழுதுகிறேன்.

அவன் மைதானத்தின் பின்னால், வலைகளை வைக்கிற கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். எழுந்து வெளியே வந்தால் பஸ் இல்லை. ரசிகர் வேன் மட்டும் கிளம்பப் போகிறது. கதவுப் பக்கத்தில் அக்கா. மூன்று வாரம் பேசாத அக்கா. இவள் அவனை மேலும் கீழும் பார்த்திருக்கிறாள்.

"பஸ்ஸு?"

"போயிருச்சு."

"உன்னை விட்டுட்டா?"

"ம்."

"அந்த மனுஷன் வீட்டுக்கு வரட்டும். ஏறுடா."

கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் மழைக்கோட்டை அவன் மேல் போட்டு, அதன் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, கடைசி மூலையில் உட்கார வைத்துவிட்டாள். முன்னால் பல் டாக்டர் முழு வேகத்தில் இருக்கிறார். மச்சினனின் பாய்ச்சல், மச்சினனின் முழங்கால், மச்சினனின் பிறப்பு என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "அந்த கோல்கீப்பர் மட்டும் என் நாற்காலியில வந்து உக்காரட்டும். மரத்துப்போற ஊசி போடாமப் புடுங்கறேன்!" என்றாராம்.

மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "எந்தப் பல்லு டாக்டர்?"

தொப்பி மேலே போயிற்று. பல் டாக்டர் திறந்த வாயை மூடவில்லை, அவருக்கே ஒரு பல் டாக்டர் தேவைப்பட்டிருக்கும்.

யாரும் சிரிக்கும் முன் இவள் எழுந்து நின்றாளாம், ஓடுகிற வேனில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அதே ஆஸ்பத்திரிக் குரல். "எல்லாரும் கேளுங்க. டோக்கன்னு முதல்ல கத்துனது நான். இவனோட அக்கா. அது தப்பு. ஆயிரம் பேர் முன்னாடி கத்துனேன், இந்த வேன்ல இருபது பேர்தான் இருக்கீங்க, அதனால மிச்சப் பேருக்கு நீங்களே போயிச் சொல்லிருங்க."

பிறகு தம்பியைப் பார்த்து, குரலே இல்லாமல், "தப்புடா" என்றாளாம். அவன் இந்த இடத்தில், "அழுதா மாமா" என்கிறான். இவள், "மழைக்கோட்டுத் தண்ணி" என்கிறாள். இன்று மழையே இல்லை.

அதற்குப் பிறகு பல் டாக்டர் பின் சீட்டுக்கு வந்து, ஐந்து வருஷமாக ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இரண்டு நாள் தூக்கமில்லை, அதனால்தான் கத்துகிறேன் என்றிருக்கிறார். மச்சினன், "எனக்கு மூணு நாள் டாக்டர்" என்றிருக்கிறான். அப்படியே யாருக்கு எத்தனை நாள் என்று வேன் முழுக்கப் போட்டி. ஒருத்தர் தோற்ற வாரத்தில் மாமியாரோடு கூட சண்டை போட மாட்டாராம், தெம்பு இருக்காதாம். அவர் மனைவி அதற்காகவே தோல்வியை வேண்டிக்கொள்கிறாளாம்.

பங்கில் வேன் வந்து நின்றதும் நாங்கள் ஓடினோம். ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் தோற்ற நாளில் ஒரே இடத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை. என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் டீ டம்ளரோடு நடுவில் போய் நின்றேன். இதோ, இப்போதாவது சொல்லித் தொலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"டோக்கன் ஜோக் என்னுது. வீட்ல நான் விட்ட சரக்கு. மச்சான், நீ அன்னிக்கு அவ்ளோ சிரிச்சியேடா?"

அவன் டீயை ஊதினான். "நீங்க வீட்ல சொன்னீங்க மாமா. வீட்ல நான் கோல்கீப்பர் இல்லல்ல."

எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. குறித்துக்கொள்கிறேன்: மார்ச் 16, மாலை, ஏரிக்கரை பங்க். ஒன்றும் வரவில்லை.

அவனே காப்பாற்றினான். "நானாச்சும் பந்தைத்தான் விட்டேன். நீங்க ஆளையே விட்டுட்டுப் போனீங்க. டிரைவருக்குத்தான் முதல்ல கண்ணு செக் பண்ணணும்."

பல் டாக்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கோச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, தும்முவது போல் சிரிக்கிறார். இவள் என் முதுகில் ஓர் அடி போட்டு, முழுக் குரலில், "டோக்கன் நம்பர் ரெண்டு, உள்ள வாங்க!" என்றாள்.

கிளம்பும் முன் எண்ணினேன். சத்தமாக. ஒவ்வொருத்தர் தலையையும் தொட்டு. கேப்டன் தலையை இரண்டு தடவை.

வெளியூர் வேலையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மூன்று தட்டு.

மார்ச் 20, வியாழன்

ஷிப்ட் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் எல்லாரும் தங்கள் பைக்குள் எட்டிப் பார்த்து, "ஆளு உள்ள இருக்காரா?" என்கிறார்கள். கேலி பண்ணுகிறவனைக் கேலி பண்ணினால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் முதல் இரண்டு நாள் கொஞ்சம் வலிக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

சொந்த மைதானம். பூஜ்யம்–பூஜ்யம்.

எழுபதாவது நிமிடத்தில் மச்சினன் பக்கவாட்டில் பறந்து ஒரு பந்தைத் தட்டினான் பாருங்கள், முப்பத்தி நாலு வயசாம்! கேலரி எழுந்தது. பல் டாக்டர் எதிராளி ஆட்டக்காரனைப் பார்த்துக் கத்தினார்: "அடுத்த டோக்கன்!" அவ்வளவுதான். ஒவ்வொரு பந்தைப் பிடிக்கும்போதும் ஆயிரம் பேர், "அடுத்த டோக்கன்! அடுத்த டோக்கன்!" இவள் கத்தவில்லை. தம்பியை மட்டும் பார்த்தாள். அவன் கையுறையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, அங்கிருந்தே, 'கத்து' என்று கையைக் காட்டினான்.

கத்தினாள். என் வலது காது இன்னும் அடைத்திருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சினனுக்கு போன். அந்த வெளியூர் லிப்ட் கம்பெனி. அவன் இரண்டு கையிலும் குழம்பு. "அக்கா, நீயே சொல்லிரு" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் முன்பே பேசிவிட்டார்கள் போலிருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. இவள் போனை எடுத்து, தொண்டையைச் செருமி, ஆஸ்பத்திரிக் குரலில்: "இந்த வருஷம் டோக்கன் முடிஞ்சிருச்சுங்க. வணக்கம்."

ஏப்ரல் 6, ஞாயிறு

சீசனின் கடைசி ஆட்டம். மூன்று–இரண்டு. தோல்வி. அட்டவணையில் கடைசி இடம், அதில் நமக்குப் போட்டியே இல்லை. ஏரிச்சாலை. பின்னாலேயே ரசிகர் வேனும் ஏரிச்சாலை, அவர்களுக்கு அந்த வழியே இல்லை, இருந்தும் வந்தார்கள். பங்க் வருவதற்கு முன்னமே பஸ்ஸில் பேச்சு தொடங்கிவிட்டது. ஒருத்தரும் ஒன்றுக்குக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

இப்போது வீட்டில் ஒரே சத்தம். மூன்றாவது கோல் ஆப்சைடா இல்லையா என்று இவளும் அவனும் பல் டாக்டரும் உப்பு டப்பா, ஸ்பூன், வெங்காயம் வைத்து ஆடிக் காட்டுகிறார்கள். வெங்காயம்தான் மச்சினன். இவள் "எழுந்திரிங்க" என்று என் கையிலிருந்து இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போய்விட்டாள், கோல் போஸ்ட் வரைய. தோற்ற அன்று பேச வேண்டுமென்றால் இதில் பேசு என்று கொடுத்தவளே!

நிறைய எழுத இருக்கிறது. முடியாது போல. மச்சினன் பேனாவைக் கேட்கி